நாலாம் மாடிக் கயிறு

தம்பி பினாங்கிலிருந்து அனுப்பிய ப்ராசசர்
ஒரு காலுறைக்குள் வந்து சேர்ந்தது.
மதர்போர்டு இங்கேயே,
யாங்கூனில் ஒரு பழைய சாமான் கடையில்
உளுந்து போலப் பேரம் பேசி வாங்கியது.
திருட்டு விண்டோஸ் வாரம் ஒருமுறை
என்னைத் திருடி என்றது. போதும்,
இனி லினக்ஸ்தான் என்று முடிவு செய்திருந்தேன்.

சில்லின் மூலையில் பொன் முக்கோணம்,
சாக்கெட்டின் மூலையிலும் முக்கோணம்.
ஆயிரத்து முந்நூற்று முப்பத்தோர் ஊசியும்
தத்தம் துளைக்குள் இறங்கின.
ஒன்றுகூட முனகவில்லை.
விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது,
திரை மட்டும் கறுப்பு.

பொருந்துவது வேறு, தெரிந்திருப்பது வேறு.
போர்டுக்குள் ஒரு பயாஸ்,
பயாஸுக்குள் ஒரு பெயர்ப்பட்டியல்.
அதை எழுதிய நாளில்
இந்தச் சில்லு பிறந்திருக்கவில்லை.
குடிவரவு அலுவலகத்தில்
அமலோற்பவம் என்று நான் சொன்னதும்
எழுத்தர் பேனாவை மூடி வைத்தார் பாருங்கள்,
அந்த மாதிரி ஒரு மௌனம்.
(மா கின் சோ என்றதும் பேனா திறந்தது.
பள்ளியில் வைத்த பெயர்.)

பயாஸைப் புதுப்பிக்கலாம்.
ஆனால் அதற்குப் போர்டு விழிக்க வேண்டும்.
விழிக்க, அதற்குத் தெரிந்த
பழைய ப்ராசசர் ஒன்று வேண்டும்.
பூட்டிய பெட்டிக்குள் பெட்டியின் சாவி.

பால்கனியில் நின்று கீழே கத்தினேன்.
கைப்பேசி பழுது பார்க்கும் கோ ஸாவ் மின்
தன் கடைக் கணினியைக் கவிழ்த்து
அதன் நெஞ்சைக் கழற்றினார்.
"இருபது நிமிடம்தான், பில் போடணும்!"
பேப்பரும் ரொட்டியும் ஏறுகிற கயிற்றில்,
கிளிப் கடித்த சிறு டப்பாவில்,
மணியை ஆட்டிக்கொண்டு
நாலு மாடி ஏறி வந்தது அது.
இரண்டாம் மாடிக்காரர்
தன் கயிற்றை ஒதுக்கி வழிவிட்டார்.

ஒரு மணிக்கு மின்சாரம் போகும்.
அட்டவணையில் அப்படித்தான்;
அட்டவணையை அது படித்ததா தெரியாது.
இன்வெர்ட்டர் பாட்டரி போன மழைக்கே செத்தாயிற்று.
பன்னிரண்டு நாற்பது.
பசையைத் தடவினேன்,
கன்னத்தில் தனக்கா பூசும் அளவு, மிஞ்சாமல்.
திரை விழித்தது.
பென்டிரைவைச் செருகினேன்.
எழுத ஆரம்பித்ததும் ஓர் எச்சரிக்கை:
மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

யாரிடம் சொல்கிறது?
இந்த ஊரில் அதை நிறுத்துவது நானா?

பாதியில் போனால்
பழைய பெயர்களும் மறந்து
புதிய பெயர்களும் தெரியாமல்
வெறும் பச்சைத் தகடு.
முப்பத்தொன்று சதவீதம்.
தெருவில் யாரோ ஜெனரேட்டரின் கயிற்றை
இழுத்துப் பார்க்கிறார்கள், சும்மா, முன்கூட்டியே.
அறுபத்திரண்டில் கூரை விசிறி
ஒரு கணம் தளர்ந்தது.
மாதாவையும் கூப்பிட்டேன், தெருமுனைக் காளியையும்.
நூறு.

பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தேன்.
கறுப்புத் திரையின் முதல் வரியில்
அதன் பெயர், எண்ணோடு, பிழையில்லாமல்.
ஒரு முறைதான் படித்தேன்.
பன்னிரண்டு ஐம்பத்தாறு: எல்லாம் இருட்டு.
நாலு நிமிடம் கடன்.

உடனே மணி அடித்தது. கீழே கயிற்றைக் குலுக்குகிறார்.
"பில் போட மின்சாரமே இல்லையே?"
"இருந்தாலும் அனுப்பு."
டப்பாவில் மிச்சப் பசையையும் வைத்து இறக்கினேன்.

ஐந்து மணிக்கு 'மீ லா பியீ' என்று
தெருவே கத்தியது.
நிறுவும் வட்டு கொஞ்சம் பழசு;
அதன் கெர்னலுக்கும் இந்தச் சில்லின் கிராபிக்ஸ் தெரியவில்லை,
மறுபடி கறுப்பு.
நோமோட்செட் என்று ஒரு சொல்லைச் சேர்த்து,
தெரிந்தவரை காட்டு போதும் என்று கெஞ்சி,
பிரிவுகளைப் பிரித்து, பிரித்ததை மாற்றி,
இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்கி,
மணி எட்டரைக்கு அது கேட்டது:
இந்தக் கணினிக்கு என்ன பெயர்?

கயிறு என்று அடித்தேன்.
அந்த எழுத்து செல்லாது, ரோமனில் கொடு என்றது.
கொடுத்தேன். எனக்கு அது புதிதில்லை.

அடுத்து கடவுச்சொல் கேட்கிறது.
ஒன்பதுக்குப் போய்விடும்.